வலி மாத்திரையும் நாயின் வயிறும்

தை மாதம், சம்பா அறுவடை முடியும் சமயம். மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மொபெட்டின் முன்பக்கத்தில் யூரியா சாக்கை விரித்து, அதன்மேல் நாயைப் படுக்கவைத்து, முழங்கால்களால் அணைத்துப் பிடித்தபடி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் வாழைச்சருகில் மடித்த ஒரு பொட்டலம். “டாக்டரம்மா, முதலில் இதைப் பாருங்கள்” என்று பிரித்தார். நாயின் மலம். வெயிலில் இளகிய தார் போல, கறுப்பாக, பிசுபிசுவென்று, ஒரு மினுமினுப்போடு இருந்தது. அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குச்சியால் கலக்கினேன். ஓரம் செம்மண் நிறமாகக் கரைந்தது. நாயின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு பீங்கான் கோப்பையின் நிறத்தில் இருந்தது.

நாயின் பெயர் மணி. எட்டு வயது, நாட்டு நாய். பத்து நாளுக்கு முன் வாய்க்காலைத் தாண்டும்போது பின்னங்கால் பிசகி நொண்டத் தொடங்கியிருக்கிறது. பெரியவருக்கும் முழங்கால் வலி உண்டு. அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த டைக்ளோபினாக் 50 மில்லிகிராம் மாத்திரையைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று நான்கு நாள் மணிக்கும் கொடுத்திருக்கிறார். “வெறும் வயிற்றில் கொடுக்கவே இல்லை, டாக்டரம்மா. தயிர்சோற்றில் பிசைந்துதான் கொடுத்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அவ்வளவு கவனமாகச் சோற்றோடு கொடுத்தும் நாயின் வயிறு ஏன் புண்ணானது என்பதைப் புரிந்துகொண்டால், இந்த மருந்துகளைப் பற்றி வீட்டில் நாய் வளர்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

ஒரே ஆள், இரண்டு வேலை

அடிபட்ட இடம் வீங்குகிறது, சிவக்கிறது, சூடாகிறது, வலிக்கிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். அங்கே உடல் உண்டாக்கும் வேதிப்பொருள்களில் முக்கியமானவை புராஸ்டாகிளாண்டின்கள். இவை ரத்தக்குழாய்களை விரிக்கின்றன, நரம்பு முனைகளைக் கூருணர்ச்சி கொள்ளவைக்கின்றன. தொட்டாலே நாய் கத்துவது அதனால்தான். பெயருக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1935-இல் இதற்குப் பெயர் வைத்தவர், இது புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று எண்ணி அப்படி வைத்துவிட்டார். உண்மையில் உடலின் பெரும்பாலான திசுக்கள் இதைத் தேவைப்படும்போது தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

டைக்ளோபினாக், இபுபுரோபென், நாப்ராக்சன், ஆஸ்பிரின், மெலாக்சிகாம் எல்லாம் ஒரே குடும்பம். ‘ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள்’ என்பது புத்தகப் பெயர். நான் இங்கே ‘வலி மருந்து’ என்றே சொல்கிறேன். புராஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் காக்ஸ் என்ற நொதியைத் தடுப்பதுதான் இவை அனைத்தும் செய்யும் வேலை. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அது என்ன செய்கிறது என்றே தெரிந்தது!

சிக்கல் இதுதான். கால் மூட்டில் வலியைக் கிளப்பும் அதே புராஸ்டாகிளாண்டின் வகை, வயிற்றில் காவல் வேலை பார்க்கிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால், ஒரே ஆள் இரண்டு வயலுக்குத் தண்ணீர் பார்க்கிறார். மேல் வயலில் அவர் மடையை அளவுக்கு மீறித் திறந்துவிட்டார், பயிர் மூழ்குகிறது. கோபத்தில் அவரை வேலையை விட்டே நிறுத்திவிடுகிறோம். மேல் வயலில் வெள்ளம் வடிந்துவிட்டது, நிம்மதி. ஆனால் கீழ் வயலில் தினமும் வரப்புக்கு மண் அணைத்து உடைப்பெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். அங்கே வரப்பு கரைய ஆரம்பித்திருப்பது நமக்குத் தெரியாது. உடைந்த பிறகுதான் தெரியும்.

கீழ் வயல்தான் வயிறு. நாயின் வயிற்றில் சுரக்கும் அமிலம் எலும்பையே கரைக்கக்கூடியது. அந்த அமிலம் வயிற்றுச் சுவரையே தின்றுவிடாமல் இருப்பதற்குச் சில ஏற்பாடுகள் உண்டு. சுவரின்மேல் கெட்டியான சளிப்படலம் பூசப்பட்டிருக்கிறது. அந்தப் படலத்துக்குள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் கசிகிறது. அடியில் ரத்தம் ஓடிக்கொண்டே இருந்து, உள்ளே நுழைந்த அமிலத்தைக் கழுவிக்கொண்டு போகிறது. தேய்ந்த செல்களுக்குப் பதிலாகப் புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் ஏவல் கொடுப்பது புராஸ்டாகிளாண்டின். அமிலம் அளவுக்கு மிஞ்சாமல் பார்த்துக்கொள்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. மாத்திரை அதை நிறுத்தியதும் சளி மெலிகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது. அமிலம் மட்டும் அதே அமிலம்.

பெரியவரின் தயிர்சோறு ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. மாத்திரை வயிற்றுச் சுவரில் ஒட்டி நேரடியாக அரிப்பதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சோறு அதைக் கொஞ்சம் குறைக்கும், குமட்டலையும் குறைக்கும். ஆனால் பெரும் சேதம் அந்த வழியில் வருவதில்லை. மருந்து ரத்தத்தில் கலந்து, உடல் முழுதும் சுற்றி, ரத்தத்தின் வழியாகவே வயிற்றுச் சுவருக்குத் திரும்பி வந்து காவலை நிறுத்துகிறது. அதனால்தான் ஊசியாகப் போட்டாலும் அல்சர் வரும். ‘வயிற்றுக்கு ஆகாது என்றுதான் ஊசி போட்டோம்’ என்று சிலர் சொல்லும்போது எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போகிறது. வாய் வழியே வந்தால் என்ன, தொடை வழியே வந்தால் என்ன, வந்து சேரும் இடம் ஒன்றுதான்.

நாய் என்பது சின்ன மனிதன் அல்ல

மனிதர்கள் இதே மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குகிறார்களே, நாய்க்கு மட்டும் ஏன் நான்கு நாளில் இப்படி? காரணம், மருந்தை உடலிலிருந்து வெளியேற்றும் வேகம். நாப்ராக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய 12 முதல் 17 மணி நேரம் ஆகும். நாயின் உடலில் 35 மணி நேரம் முதல் 74 மணி நேரம் வரை அளந்திருக்கிறார்கள். அதாவது இன்று கொடுத்த மாத்திரையில் பாதி நாளை மறுநாள்கூட நாயின் ரத்தத்தில் இருக்கலாம். அதற்குள் நாம் இன்னும் இரண்டு மூன்று கொடுத்திருப்போம்.

ஏன் இவ்வளவு நேரம்? கல்லீரல் மருந்தைப் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்குள் தள்ளுகிறது. குடல் அதை மீண்டும் உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. நாய்களில் இந்தச் சுற்று பலமாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பித்தநீர் வந்து விழும் இடமான முன்குடல் மருந்தில் குளிக்கிறது. நாய்களில் வயிறு கிழிந்து ஓட்டை விழும் இடம் பெரும்பாலும் இரைப்பையின் கடைவாசலும் அதை ஒட்டிய முன்குடலும்தான்.

இபுபுரோபெனும் அப்படியே. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற சின்ன அளவுகூடப் பல நாள் தொடர்ந்தால் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கக்கூடும். 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பத்து கிலோ நாய்க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 40 ஆகிறது. டைக்ளோபினாக் நாயின் வயிற்றை எளிதில் புண்ணாக்குவதில் பேர்பெற்றது. மாடுகளுக்கும் அதைக் கொடுக்கக் கூடாது என்று இந்தியாவில் 2006-இல் தடை வந்தது. அதற்குக் காரணம் வயிறு அல்ல, கழுகு. டைக்ளோபினாக் போடப்பட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2023-இல் கீட்டோபுரோபெனும் அசிக்ளோபினாக்கும் அதே காரணத்துக்காகத் தடை செய்யப்பட்டன. ஆனால் மனிதர்களுக்கான மாத்திரை எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்கிறதே, அதைத் தடுக்கச் சட்டம் ஏது!

பாராசிட்டமால் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ‘அது ஒன்றும் செய்யாது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது இந்தக் குடும்பத்து மருந்து அல்ல, வயிற்றை அவ்வளவாகத் தொடாது. அளவு மீறினால் நாயின் கல்லீரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் கெடுக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் அதன் பக்கம் இந்த மாத்திரையைக் கொண்டுபோகவே வேண்டாம். ஒரே மாத்திரையில் பூனை செத்துப்போகலாம்.

நாய்களுக்கென்று சோதித்து ஒப்புதல் பெற்ற வலி மருந்துகள் இருக்கின்றன. கார்புரோபென், மெலாக்சிகாம், பிரோகாக்சிப், ரோபெனகாக்சிப் ஆகியவை அவற்றுள் சில. நம் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளில் அதிகம் புழங்குவது மெலாக்சிகாம். கழுகுகளுக்கும் அது தீங்கு செய்யாது. இவை ஏன் கொஞ்சம் சாது? காக்ஸ் நொதியில் இரண்டு வகை இருப்பது 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. முதல் வகை வயிற்றுக் காவல் போன்ற அன்றாட வேலைக்கு, இரண்டாவது வகை அடிபட்டால் மும்முரமாகும் வேலைக்கு என்று எளிதாகப் பிரித்துவைத்தார்கள். இந்த மருந்துகள் இரண்டாவதை அதிகமாகவும் முதலாவதைக் குறைவாகவும் தடுக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உடல் அவ்வளவு சுத்தமாகப் பாகப்பிரிவினை செய்துகொள்ளவில்லை. வயிற்றில் ஏற்கெனவே புண் இருந்தால் அதை ஆற்றுவதற்கு அந்த இரண்டாவது வகைதான் தேவை. ஆகவே ‘வயிற்றுக்குப் பாதுகாப்பானது’ என்று பெயரெடுத்த மருந்தே, புண் உள்ள வயிற்றில் புண்ணை ஆறவிடாமல் பிடித்துவைக்கும். புண் இல்லாத வயிற்றுக்குச் சாதுவான மருந்து, புண்பட்ட வயிற்றுக்குச் சாது அல்ல.

எடைக் கணக்கு

மணியின் எடை எவ்வளவு என்று கேட்டதற்குப் பெரியவர் யோசிக்காமல் “இருபத்தைந்து கிலோ இருக்கும்” என்றார். என் தராசில் 14 காட்டியது. இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நெல் மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே ஈரப்பதம் முதற்கொண்டு சொல்லிவிடுகிற ஊர், ஆனால் நாயை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. தராசு இல்லாத இடமே இங்கே இல்லை. கொள்முதல் நிலையத்தில் இருக்கிறது, ரைஸ் மில்லில் இருக்கிறது, உரக்கடையில் இருக்கிறது. நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறி நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்துப் பாருங்கள்.

மெலாக்சிகாமின் வழக்கமான அளவு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அடுத்த நாள் முதல் 0.1, ஒரு நாளுக்கு ஒரே ஒரு முறை. 14 கிலோ மணிக்கு இரண்டாம் நாள் முதல் 1.4 மில்லிகிராம். மனிதர்களுக்கான மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராமில் வருகிறது. 15 மில்லிகிராம் மாத்திரை ஒன்று மணிக்குப் பத்து நாளுக்கு மேல் போதும். அதை ஒரே வாயில் கொடுத்துவிட்டு ‘நாய்க்கும் இதுதான் மருந்தாம்’ என்று சொல்வதில் பொருள் இல்லை. இந்தக் கணக்கை நான் எழுதுவது வீட்டில் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதற்காக அல்ல. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதைக் கத்தியால் யாராலும் வெட்ட முடியாது என்று காட்டுவதற்காக.

‘வேறு ஊசி ஏதாவது போட்டீர்களா?’

மணியின் கதையில் இன்னொரு முடிச்சு இருந்தது. டைக்ளோபினாக் நான்கு நாளில் வயிற்றைப் புண்ணாக்கும்தான். ஆனால் ஈறு இவ்வளவு வெளுத்திருந்தது எனக்கு உறுத்தியது. மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்ட பிறகுதான், முந்தைய வாரம் நாய்க்குச் சொறி என்று யாரோ ஓர் ஊசி போட்டது பெரியவருக்கு நினைவுக்கு வந்தது. “அது அரிப்புக்குப் போட்டது, டாக்டரம்மா. வலிக்கு இல்லை” என்றார். அரிப்பைச் சட்டென்று நிறுத்தும் ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று பெயர்கள். ஸ்டீராய்டு, புராஸ்டாகிளாண்டின் பாதையை இன்னும் மேலே, தலைமதகிலேயே அடைக்கிறது. வலி மருந்து கீழே கிளை வாய்க்காலை அடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது.

நாய்களில் வயிற்றில் ஓட்டை விழுந்த நிகழ்வுகளை ஆராய்ந்தபோது திரும்பத் திரும்பத் தென்பட்டவை மூன்று: அளவுக்கு மீறிய மருந்து, ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தது, ஒரு வலி மருந்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளி விடாமல் தாவியது. மூன்றுமே நாம் செய்வது, மருந்தின் குற்றம் பாதிதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி விடுவோம். நாள்பட வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி என்றால் இன்னும் கூடுதலாக. அதுவரை வலிக்கு வேறு குடும்பத்து மருந்துகள் இருக்கின்றன. ஆகவே எங்கே போனாலும், யாரிடம் காட்டினாலும், முன்பு கொடுத்த மாத்திரை அட்டையையும் போட்ட ஊசியின் பெயரையும் கொண்டுபோங்கள். அட்டையைக் கிழித்து எறிந்திருந்தாலும் குப்பையிலிருந்து பொறுக்கிக்கொண்டு வாருங்கள், நான் முகம் சுளிக்க மாட்டேன். மலத்தையே வாழைச்சருகில் பார்த்தாயிற்று.

டெல்டா நாய்க்கென்று உள்ள ஆபத்துகள்

மேல்நாட்டுப் புத்தகங்களில் இந்த மருந்துகளைப் பற்றிப் படிக்கும்போது, வயதான லாப்ரடார், மூட்டுத் தேய்மானம், மெத்தை விரித்த வீடு என்றே படம் வரும். நம் ஊர் நாய் வயலிலும் களத்திலும் கிடக்கிறது. அது நொண்டுவதற்கு இங்கே வேறு காரணங்களும் உண்டு.

முதலில் உண்ணிக் காய்ச்சல். காது மடலைத் திருப்பினால் கொத்துக் கொத்தாக உண்ணி இருக்கும் நாய், ஒரு நாள் காய்ச்சலோடு கால்களை இழுத்து இழுத்து நடக்கும். பார்ப்பவர் வாதம் என்பார், அடி என்பார், வலி மாத்திரை கொடுப்பார். எர்லிகியா என்ற கிருமி உண்ணி மூலம் பரவி, ரத்தம் உறையத் தேவையான தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வடியும். வலி மருந்துகளில் பலவும் மிச்சமிருக்கும் தட்டணுக்களைச் சரியாக வேலை செய்யவிடாது. ஆஸ்பிரின் இதில் முதலிடம். ஒரு பக்கம் வயிற்றில் புண், மறுபக்கம் உறையாத ரத்தம். காய்ச்சலோடு நொண்டும் நாய்க்கு ரத்தப் பரிசோதனை இல்லாமல் வலி மருந்து எழுத எனக்குக் கை வருவதில்லை. தவிர, உண்ணிக் காய்ச்சலுக்கென்று தனி மருந்து உண்டு. அதைக் கொடுத்தால் மூட்டு வலியும் பெரும்பாலும் தானே அடங்கும்.

அடுத்தது எலி. எலிக்கும் டெல்டாவுக்கும் உள்ள பகையை இங்கே விளக்க வேண்டியதில்லை. வயல் வரப்பில் மூங்கிலை வளைத்து வைக்கும் கிட்டிக்கே தஞ்சாவூர்ப் பெயர்தான். ஆனால் இப்போது கிட்டி வைப்பவர் குறைவு, விஷக் கட்டி வைப்பவர் அதிகம். புரோமடியோலோன் என்ற எலிவிஷம் ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்கிறது. அதைத் தின்ற நாய்க்கு உடனே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து மூட்டுக்குள் ரத்தம் கசிந்து நொண்டும். அந்த நொண்டலுக்கு வலி மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். விஷம் வைத்த வயல் பக்கம் நாய் போனதா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே. நேரத்தில் தொடங்கினால் பிழைக்கும்.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வரும் எலிக்காய்ச்சல் இன்னொன்று. அது நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். வலி மருந்தை உடைத்து வெளியேற்ற வேண்டியவை அந்த இரண்டும்தான். உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் புராஸ்டாகிளாண்டினே. ஆகவே வாந்தி எடுக்கிற, தண்ணீர் குடிக்காத, அக்கினி நட்சத்திர வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கிற நாய்க்கு இந்த மருந்து வயிற்றோடு சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். முதலில் தண்ணீர், பிறகுதான் மருந்து.

முதலில் போவது பசி

அல்சர் வந்த நாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகும் என்று எதிர்பார்க்காதீர்கள். வயிற்றுக்குள் புண் இருந்தும் வெளியே ஒன்றும் காட்டாத நாய்கள் உண்டு. காட்டும் நாய்களில் பெரும்பாலும் முதலில் மாறுவது சாப்பாடு. தட்டைக் கண்டால் பாய்ந்துவரும் நாய் மெதுவாக வரும், மோந்து பார்க்கும், விலகும். அடுத்து வாந்தி, சில சமயம் காப்பித்தூள் கலந்தாற்போல. பிறகு கறுப்பு மலம். அதற்கும் பிறகு வெளுத்த ஈறு, சோர்வு. முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே இரண்டு நாள்கூட இருக்காமல் போகலாம்.

மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும் நாள்களில் நாய் ஒரு வேளை சோற்றை மறுத்தால், அந்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். மருந்தை ஒரு நாள் விட்டால் கால் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். ‘சாப்பிடவில்லையே, மாத்திரையையாவது கொடுத்துவிடுவோம்’ என்று வாயைப் பிளந்து தொண்டையில் போடுவதைப்போல ஆபத்தான அன்பு வேறில்லை.

கறுப்பு மலத்தில் ஒரு குழப்பம் வரும். இரும்புச்சத்து டானிக் கொடுத்தாலும் கறுக்கும், கறிக்கடையில் ஈரலும் ரத்தமும் தின்றாலும் கறுக்கும். சந்தேகம் இருந்தால் வெள்ளைத் தாளில் தடவிக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். செந்நிறம் விரிந்தால் ரத்தம் என்று எண்ணிக்கொண்டு உடனே கிளம்புங்கள். வயிறு பலகைபோல் இறுகி, முன்னங்கால்களை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக் கும்பிடுவதுபோல் நாய் நின்றால், புண் ஓட்டையாகியிருக்கலாம். அது அறுவைச் சிகிச்சைக்குரிய அவசரம். பெரிய வசதி வேண்டியிருந்தால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வழியில் மோர், நல்லெண்ணெய், வேப்பங்கொழுந்து எதையும் ஊற்ற வேண்டாம்.

கூடவே கொடுக்கும் ‘கேஸ் மாத்திரை’

மனிதர்களுக்கு வலி மாத்திரையோடு ஒரு கேஸ் மாத்திரையும் சேர்த்துத் தருவது வழக்கமாகிவிட்டதால், நாய்க்கும் அதைக் கேட்கிறார்கள். ஒமெபிரசோல், பான்டோபிரசோல் வகை அமிலத்தை நன்றாக அடக்கும். ரானிடிடின் வகை நாய்களில் அவ்வளவு அடக்காது. புண் வந்துவிட்ட நாய்க்கு ஒமெபிரசோல் தேவை, மணிக்கும் அதுதான் கொடுத்தோம். ஆனால் நல்ல வயிறுள்ள நாய்க்கு, சரியான அளவில், சில நாள் வலி மருந்து கொடுக்கும்போது கூடவே இதையும் வழக்கமாகச் சேர்ப்பதால் பயன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அமிலத்தை அடக்கினாலும் வயிற்றுக்குக் கீழே உள்ள குடலை இது காப்பதில்லை. அங்கே குடலில் வாழும் கிருமிகளின் சமநிலையையே குலைக்கலாம். கேஸ் மாத்திரை இருக்கிறதே என்ற தைரியத்தில் வலி மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பதுதான் இதில் பெரிய கேடு.

சுக்ரால்பேட் என்ற மருந்து புண்ணின்மேல் பிசின்போல் படிந்து மூடும். மற்ற மருந்துகளையும் உறிஞ்சவிடாமல் அது மூடிவிடும் என்பதால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். மிசோபுரோஸ்டால் என்றொன்று, காணாமல்போன புராஸ்டாகிளாண்டினுக்குப் பதிலாள். அது கருவைக் கலைக்கும் தன்மை கொண்டது. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்கள் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. எழுதித் தரும்போதே அதைச் சொல்லித் தருவோம்.

மணிக்கு அன்றே குளுக்கோஸ் ஏற்றினோம். ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 37 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதற்கு 21 இருந்தது. மூன்றாம் நாள் கஞ்சி குடித்தது. ஒரு வாரத்தில் மலம் பழைய நிறத்துக்கு வந்தது. ஆனால் கால் நொண்டல் அப்படியே இருந்தது. முழங்கால் தசைநாரில் கிழிசல், அது மாத்திரையால் ஒட்டுவதல்ல. ஒரு மாதம் கழித்து, ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, 14 கிலோவுக்கு அளந்து மெலாக்சிகாம் திரவத்தைத் தொடங்கினோம். ஊசியில்லாத சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று மைப்பேனாவால் குறித்துக் கொடுத்தேன். சோறு சாப்பிட்ட பிறகுதான் மருந்து, சாப்பிடாவிட்டால் மருந்து இல்லை, எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று பெரியவரிடம் மூன்று முறை சொன்னேன்.

பங்குனியில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது. “டாக்டரம்மா, மணி தட்டை மோந்துவிட்டுப் போய்விட்டது. மருந்தைக் கொடுக்கவில்லை. அட்டையோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், வண்டியை எடுக்கட்டுமா?” என்றார். ஈறு என்ன நிறம் என்று கேட்டேன். டார்ச் அடித்துப் பார்த்து, சிவப்பாகத்தான் இருக்கிறது என்றார். வாந்தி இல்லை. காலையில் கழித்த மலமும் சாதாரணம். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது. பெரியவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “கீழத்தெருவில் இன்றைக்குக் கிடா வெட்டாம். இலை போட்டது முதல் இது அங்கேதான் கிடந்ததாம்.”